அண்ணன் கொடுத்த மரியாதை

அண்ணன் மரியாதையாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்பது எனக்கு ஐம்பது வயது வரை தெரியாது.

அவருக்குப் பல வருடமாக மனநோய். சென்ற ஆண்டு கோவையில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். காதில் கேட்கும் குரல்களோடு சண்டை போடுவார். ஆனால் என்னைக் கண்டதும், "வாடா எருமை" என்பார்.

ஒரு நாள் மதியம் நான் பார்க்கப் போனபோது கைகூப்பி, "வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க?" என்றார்.

மருந்து வேலை செய்கிறதென்று பூரித்துப் போனேன். "அவிநாசிங்க. உங்க தம்பிக்குப் பொண்ணு குடுக்கலாம்னு வந்தனுங்க" என்று அரைமணி நேரம் கூத்தடித்தேன். அவரோ போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸிடம் போய், "எங்கண்ணனுக்கு மரியாதை தெரிஞ்சுபோச்சுங்க சிஸ்டர்" என்றேன்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "அவருக்கு உங்களை அடையாளம் தெரியுதுங்களா?" என்று கேட்டபடியே ஓடினார்.

அண்ணனின் உடம்பு கொதித்தது. சிறுநீரில் தொற்று; அது மூளையைக் குழப்பியிருந்தது.

"இங்க இருக்கறவங்களுக்கு இது அடிக்கடி வருதுங்க. பழைய நோய்தான்னு விட்டுப்போட்டா உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு ஊசி போட்டார்கள். மயங்கி விழுந்தது நான். எனக்கும் ஒரு கட்டில் தேட வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் அண்ணன் என்னை உற்றுப் பார்த்து, "ஏண்டா எருமை, அழுவற?" என்றார்.

இப்போதெல்லாம் அவரைப் பார்க்கப் போனதும் நான் கேலி பேசுவதில்லை. அவர் திட்டும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.