பொலிக்ஸேனியின் தாம்பாளம்

சமையல் பக்குவத்தை ஒளித்து வைக்கிற பெண்கள் எங்கள் ஊரில் நிறைய. உப்பைச் சொல்வார்கள், புளிப்பைச் சொல்ல மாட்டார்கள். முட்டை எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். பொலிக்ஸேனி அந்த ரகம் இல்லை. கேட்டது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணானாலும் சரி, கையை ஆட்டி ஆட்டி, தான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாவது முழுசாகச் சொல்லி முடிப்பாள். அடியில் உருளைக்கிழங்கு, அதன்மேல் கத்தரிக்காய், சுரைப்பிஞ்சு, குடைமிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி வட்டம், ஒரு குவளைத் தண்ணீர், தாராளமாக ஆலிவ் எண்ணெய். ரவைக் கேக்கும் அப்படித்தான். எதையும் மறைக்க மாட்டாள்.

ஆனால் அவள் சொன்னபடி செய்த ஒருத்திக்கும் அந்த ருசி வரவில்லை. "வாய் கொடுக்குது, கை கொடுக்கல" என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். பொலிக்ஸேனிக்கு இது காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கருமி என்ற பெயரையும் வாங்குவது என்ன நியாயம்?

அவள் மூத்த மருமகள். கணவர் ஸ்தெர்யோஸ். ஒரே முற்றத்தின் எதிர்ப்பக்கத்து வீட்டில் ஸ்தெர்யோஸின் தம்பி லாசரோஸும் அவன் மனைவி அசிமினாவும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பி, ஒரே நடை. தூரத்திலிருந்து பார்த்தால் அவர்கள் அம்மாவே தடுமாறுவாள் என்று ஊரில் கேலி உண்டு. ஓரகத்திகள் இருவருக்கும் மாமியார் கல்யாணத்தன்று கொடுத்தது ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வட்டத் தாம்பாளம். காய் அடுக்கச் சொல்லிக் கொடுத்தவளும் அந்த மாமியார்தான். அதனால் இரண்டு தாம்பாளமும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் பெண்கள் தாம்பாளங்களை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலை ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில் சூடு இன்னும் இருக்கும், அதில் ஊர்ச் சாப்பாடு முழுதும் வேகும். பூசை முடிந்ததும் ஆண்கள் காபிக்கடையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசிவிட்டு, பசி வந்ததும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். பழைய ரொட்டிக்காரர் செத்துப்போய் யோர்தானிஸ் என்பவர் வெளியூரிலிருந்து வந்து கடையை எடுத்தார். அந்த நாளிலிருந்துதான் பொலிக்ஸேனியின் புகழ் ஆரம்பித்தது.

முதல் மாதமே ஸ்தெர்யோஸ் தட்டை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார். அதுவரை அவர் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்தவர் அல்ல. "பொலிக்ஸேனி, என்ன போட்டே இதுல?" என்றார். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளும் அதையே ஊரெல்லாம் சொன்னார்கள். அவள் எதையும் புதிதாகப் போடவில்லை. அடுப்பு மாறியதாலா, வயது ஏறக் கைமணம் கூடியதாலா என்று யோசித்துப் பார்த்து, கைமணம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அப்படி முடிவு செய்வதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

கஷ்டமெல்லாம் எதிர்வீட்டில். லாசரோஸுக்கு வாய் நீளம். ஈஸ்டருக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்காரும்போது இரண்டு தாம்பாளமும் மேசைக்கு வரும். எல்லாக் கையும் அண்ணன் சுமந்து வந்த தாம்பாளத்தை நோக்கிப் போகும். லாசரோஸ் சும்மா சாப்பிட மாட்டான். "அசிமினா, அண்ணிகிட்ட போய் பாத்திரம் கழுவியாவது கத்துக்கோ" என்பான். அசிமினா சிரித்துக்கொண்டே ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவாள். "நான் நெனச்சுக்கிட்டே செய்யற ருசி இதுதான்க்கா. என் கையில மட்டும் வரமாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னாள். பொலிக்ஸேனி அவள் முதுகைத் தட்டி, "வரும்டீ, வரும்" என்றாள்.

அசிமினாவின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. முந்தின நாள் அசிமினா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு என் மானம் உங்க கையில. எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

பொலிக்ஸேனி சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் மறுநாள் காலையில் போய் அசிமினா பக்கத்தில் நின்று, "வெங்காயத்த வதக்காதே, பச்சையாப் போடு. கத்தரிக்காய்க்கு உப்புத் தடவி என்ன பண்ணப்போற, நேரா அடுக்கு" என்று திருத்திவிட்டும் வந்தாள். அதற்குப் பிறகு தன் வீட்டுக்கு வந்து தன் தாம்பாளத்தையும் அதே மாதிரி அடுக்கினாள்.

அன்று மாப்பிள்ளை வீட்டார் ரொட்டியைத்தான் அதிகம் சாப்பிட்டார்கள். கல்யாணம் நிச்சயமானது வேறு விஷயம். பெண் அழகாக இருந்தாள். விருந்தாளிகள் போனதும் அசிமினா முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"எதை மறைச்சீங்க?"

"ஐயோ, என்னடீ சொல்ற? பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேனே!"

"பக்கத்துல நின்னு கெடுத்தீங்க. வதக்காதே, உப்புத் தடவாதேன்னு. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க."

பொலிக்ஸேனி வீட்டுக்குள் வந்தால் அங்கே ஸ்தெர்யோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "ஏ, இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு? தண்ணியா இருக்கு." அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். சப்பென்று இருந்தது. அதே காய், அதே எண்ணெய், அதே கை. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஊரில் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. அசிமினாவின் கண் பட்டுவிட்டது. பொலிக்ஸேனி கண்ணேறு கழிக்கும் கிழவியிடம் போனாள். கிழவி தண்ணீர்க் கிண்ணத்தில் எண்ணெய் சொட்டினாள். எண்ணெய் கரைந்து காணாமல் போனது. "பலமான கண்ணு" என்று கொட்டாவி விட்டு, முணுமுணுத்து, துப்புவது போல் மூன்று தரம் செய்து அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு தாம்பாளத்தில் வினிகர் வாசம் வந்தது. "வினிகரா போட்டே?" என்றார் ஸ்தெர்யோஸ். அவள் போடவில்லை. போடவில்லை என்றுதான் நினைத்தாள். அதற்கடுத்த வாரம் புதினா. பிறகு ஒரு வாரம் காய்க்குள் லவங்கப்பட்டை! ஸ்தெர்யோஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் ஒன்றும் கேட்காமல் பார்த்ததுதான் அவளைக் கொன்றது. அவளுடைய அம்மாவின் தங்கை ஒருத்தி கடைசிக் காலத்தில் சர்க்கரைக்குப் பதில் சோப்புத்தூள் போட்டுக் காபி கலந்தவள். நமக்கும் அது வந்துவிட்டதா? அவள் லவங்கப்பட்டை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகும், சாவியைத் தானே எடுத்துத் திறந்திருப்போமோ என்று சந்தேகம் வந்தது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு செய்தி கொண்டு வந்தாள். அசிமினாவும் புலம்புகிறாளாம். "வினிகர் ஊத்திப் பாத்தேன், புதினா போட்டுப் பாத்தேன், பட்டையக்கூடப் போட்டுட்டேன். எதைப் போட்டாலும் வீட்டுக்கு வர்றப்போ அதே மண்ணு ருசிதான்" என்று. கேட்ட பொலிக்ஸேனிக்குக் குழப்பம் இரட்டிப்பானது. அவள் போட்டது என் தாம்பாளத்தில் எப்படி வந்தது? கண்ணேறு என்றாலும் இப்படிக் கணக்காகவா வேலை செய்யும்? பயத்தில் அவள் பக்குவம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் யாராவது கேட்டால், "எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு ஸ்தெர்யோஸுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. பூசை முடிந்ததும் பொலிக்ஸேனியே ரொட்டிக்கடைக்குப் போனாள். யோர்தானிஸ் நீளக் கரண்டியால் ஒரு தாம்பாளத்தை இழுத்து அவள் முன் வைத்தார்.

"என்னம்மா நீங்களே வந்துட்டீங்க? லாசரோஸ் ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"லாசரோஸுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். என் வீட்டுக்காரருக்குத்தான் இடுப்பு."

"அதான்மா கேக்கறேன். லாசரோஸ் ஐயாவுக்கா இடுப்பு?"

"அவன் என் கொழுந்தன்ங்க! என் வீட்டுக்காரர் ஸ்தெர்யோஸ்."

யோர்தானிஸ் கரண்டியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"நான் கடை திறந்த முதல் ஞாயிறு நீங்க லாசரோஸ் ஐயாகூடத்தானேம்மா வந்தீங்க? ரெண்டு தாம்பாளத்தையும் அவர்தானே தூக்கிட்டு வந்தாரு? நான் அவர்தான் உங்க..." யோர்தானிஸ் வெளியூர்க்காரர், அடுத்தவர் மனைவியைப் பற்றி ஆண்களிடம் பேச்சுக் கொடுக்காத மரியாதைக்காரர். 'உங்க வீட்டம்மாவுது' என்று சொல்லித் தாம்பாளத்தைக் கொடுப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் பொலிக்ஸேனியுடையதை லாசரோஸிடமும் அசிமினாவுடையதை ஸ்தெர்யோஸிடமும் கொடுத்திருக்கிறார்.

பொலிக்ஸேனிக்கு உடனே விளங்கவில்லை. "எந்த வாரம் மாறிச்சு?" என்றாள்.

"எல்லா வாரமும்மா."

அவள் ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தன் தாம்பாளத்தின் ஓரத்தில் தோய்த்தாள். சப்பென்று இருந்தது. அசிமினாவின் தாம்பாளத்தில் தோய்த்தாள். அசிமினா அந்த வாரம் சோதனையெல்லாம் சலித்துப்போய்ப் பழையபடியே செய்துவிட்டாள் போலிருக்கிறது. அதே ருசி. ஊர் மெச்சிய ருசி. அவள் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். புத்தி கெடவில்லை என்ற நிம்மதி ஒரு கணம் வந்தது. அடுத்த கணமே, இத்தனை வருஷம் தான் யார் என்ற கேள்வி வந்து அதை விழுங்கிவிட்டது.

"அம்மா, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீங்க சொன்னா வழக்கம்போலவே குடுத்துடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் யோர்தானிஸ். தன் பிழைப்பு போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

பொலிக்ஸேனி யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பெயர் மிஞ்சும், கண்ணேறு என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிடலாம். அசிமினா ஏற்கெனவே பேசுவதில்லை. புதிதாகக் கெட்டுப்போக ஒன்றுமில்லை. பிறகு எழுந்து தன் தாம்பாளத்தைத் தூக்கினாள். "அதை நீங்க எடுத்துக்கிட்டு என் பின்னால வாங்க" என்றாள்.

லாசரோஸ் அன்று காபிக்கடையில் பேச்சு நீளாமல், தாம்பாளமும் வாங்காமல் சீக்கிரமே வந்து, அண்ணனைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அண்ணியும் ரொட்டிக்காரரும் ஆளுக்கொரு தாம்பாளத்தோடு உள்ளே வருவதைப் பார்த்து எழுந்தான். அசிமினா எழவில்லை. பொலிக்ஸேனி ரொட்டிக்காரர் கையிலிருந்த தாம்பாளத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொழுந்தன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டான். முகம் மலர்ந்தது.

"அண்ணி கைய யாரு அடிச்சுக்க முடியும்! பாரு அசிமினா, இதுதான் சாப்பாடு."

"இது என்னுது இல்ல லாசரோ" என்றாள் பொலிக்ஸேனி. "எப்பவும் என்னுதா இருந்ததில்ல. நீ இத்தன வருஷமா திட்டினியே, அது என் சமையல். நாங்க மெச்சிச் சாப்பிட்டது உன் பொண்டாட்டி சமையல். இவரு மாத்தி மாத்திக் குடுத்திருக்காரு."

யோர்தானிஸ் வாசலில் தொப்பியைக் கசக்கியபடி தலையாட்டினார். லாசரோஸ் வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். மனைவி பக்கம் அவன் கண் போகவேயில்லை. அசிமினா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பொலிக்ஸேனி பின்னாலேயே போனாள். அசிமினா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் வந்தது போலிருந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை.

"ஒரு நாளாவது உங்களுக்குச் சந்தேகம் வரலியாக்கா?"

"இல்லடீ. நல்லா இருந்தப்போ என் கைதான்னு நெனச்சேன். கெட்டுப்போனப்பதான் உன் கண்ணுன்னு நெனச்சேன்." சொல்லும்போதே பொலிக்ஸேனிக்கு முகம் எரிந்தது. "உனக்கு?"

"எனக்கும் வரல. நல்லா இல்லாதது எல்லாமே என் கைதான்னு நானே நம்பிட்டேன்."

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஸ்தெர்யோஸ் கட்டிலிலிருந்து சாப்பாடு கேட்டுக் கூப்பிடுவது கேட்டது. இருவரும் அசையவில்லை. பொலிக்ஸேனி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுடீ, எப்படிச் செய்யற? ரவைக் கேக்கும் சேத்துச் சொல்லு."

அசிமினா வாயைத் திறந்தாள். வெங்காயம் என்றாள், இல்லை அதற்கு முன்னால் கத்தரிக்காய் என்றாள், விரலை மடக்கி மறுபடி விரித்தாள்.

"இருங்கக்கா" என்றாள். "யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. எப்படிச் சொல்லணும்னே தெரியல."