மூன்றாவது விலை

எனக்கு இப்போது விலை பேசுவதென்றாலே அலுப்பாக இருக்கிறது. கல்முனை பஸாரில் இருபது வருடத்துக்கு மேலாக விவசாயச் சாமான் விற்கிறவன் சொல்கிற பேச்சா இது என்று கேட்பார்கள். கேட்கட்டும். எங்கள் ஊரில் சொன்ன விலைக்கு வாங்குகிறவனை மேலும் கீழும் பார்ப்போம். மருதமுனையில் கைத்தறிச் சாரன் வாங்கினாலும் சரி, சந்தையில் மீன் வாங்கினாலும் சரி, ஒரு தரம் முகத்தைச் சுளித்து, ஒரு தரம் எழுந்து நடந்து, பின்னால் கூப்பிட வைத்து வாங்கினால்தான் மனம் ஆறும். கடைக்காரன் கொஞ்சம் குறைப்பான். சாரன் அதே சாரன்தான். விலையைக் குறைத்ததற்காக அதிலிருந்து நூலை உருவிவிட்டுத் தரமாட்டான்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் சீனாவோடும் பேசினேன்.

முதுகில் தூக்கி வயலுக்கு மருந்தடிக்கும் பெட்டரி டாங்கிகள்தான் சாமான். டொலர் ஏறிய பிறகு கொழும்பு மொத்தக் கடைகளில் எடுத்து விற்றால் விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. நேரே எடுப்போம் என்று தேடி, சீனாவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் விற்பனை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். நான் தமிழில் எழுதுவேன், கைபேசி அதைச் சீனமாக்கும். அவளுடைய பதில் தமிழாக வரும், பாதி விளங்கும்.

ஏமாறாமல் இருக்க ஊரில் யார் யார் என்ன சொன்னார்களோ அத்தனையும் செய்தேன். தொழிற்சாலையை வீடியோவில் சுற்றிக் காட்டச் சொன்னேன். முழுக் காசையும் முதலில் அனுப்பவில்லை. மாதிரிக்கு ஒரு டாங்கியை எடுப்பித்து, என்னுடைய இரண்டு ஏக்கரில் ஒரு போகம் முழுக்க நானே மருந்தடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதற்குப் பிறகுதான் விலைக்கு வந்தேன். முதல் விலை சொன்னாள், கூடுதல் என்றேன். குறைத்தாள். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். எழுந்து நடப்பதைக் கைபேசியில் வேறு எப்படிச் செய்வது? மூன்றாம் நாள், இன்னும் குறை என்றேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் குறைத்தாள்.

பக்கத்திலிருந்த என் மனைவி சிரித்தாள்.

“நீங்க மீன் வாங்குற மாதிரி சீனாவோட கதைக்கிறீங்க. அந்தப் புள்ள ஒண்டும் சொல்லாமக் கொறைக்கிறாளே, என்னத்துக்கெண்டு கேட்டீங்களா?”

“உனக்கு யாவாரம் விளங்காது” என்றேன்.

விலை மாறும்போதெல்லாம் அந்தச் சீனப் பெண் ஒரு தாள் அனுப்பினாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் இல்லை. கடைசி வரியில் இருந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் என்று போட்டேன்.

பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு இருநூறு டாங்கிகள் வந்திறங்கின. அறுபது சட்டென்று விற்றன. முதலாவதை வாங்கியவர் மாவடிப்பள்ளி விவசாயி ஒருவர். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுவார். உரமோ மண்வெட்டியோ, எங்கள் கடையைத் தாண்டிப் போகமாட்டார்.

மூன்று கிழமை கழித்து அவர் கடைக்குள் குனிந்தபடி வந்தார். திரும்பி நின்று சேர்ட்டைத் தூக்கினார். தோளிலிருந்து இடுப்பு வரை தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. புல்லுக்கு அடிக்கும் எண்ணெய் மருந்து, டாங்கியின் அடியால் ஒழுகியிருக்கிறது.

“சேர்ட்டு நனைஞ்சிச்சு காக்கா. வேர்வையெண்டு நினைச்சி முழு வயலும் அடிச்சி முடிச்சிட்டன்” என்றார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து டாங்கியைக் கழற்றினேன். அடியில் இருக்கும் இறப்பர் வளையம் தேநீரில் ஊறிய பணிஸ் போல உப்பி, விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். கள்ளி, மனுசத்தன்மை இல்லாதவள் என்றெல்லாம் அவளுக்கு எழுதினேன். கைபேசி அதைச் சீனத்தில் என்னவாக மாற்றியதோ தெரியாது.

அவள் கோபப்படவில்லை. இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்றில் தடித்த கறுப்பு வளையம், மற்றதில் மெல்லிய சாம்பல் வளையம். கீழே எழுதியிருந்தாள்: “முதல் விலைக்குக் கறுப்பு. மூன்றாவது விலைக்குச் சாம்பல். தண்ணீருக்கும் உரக் கரைசலுக்கும் போதும். எண்ணெய் மருந்துக்கு ஆகாது. தாளில் எழுதியிருக்கிறேன். நீங்கள் சம்மதம் என்றீர்கள்.”

தாளைத் தேடி எடுத்தேன். இருந்தது. நான் பார்த்த தொகைக்கு நேர் மேல் வரியில் இருந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நிமிடம்தான் எடுத்தது. முகம் தெரியாதவளிடம் கேட்பதில் என்ன கஷ்டம்? உடனே கறுப்பு வளையங்களை விமானத்தில் அனுப்பினாள். விற்ற டாங்கிகள் எல்லாவற்றையும் திருப்பி எடுப்பித்து என் கையாலேயே மாற்றினேன். முதலில் டாங்கியைக் கொண்டு வந்தவர், “சீனாக்காரன் வேலயக் காட்டிட்டான் போல” என்றார். நான் தலையாட்டினேன். அடுத்து வந்தவரிடம் அதை நானே சொன்னேன். எல்லாரும் வந்து போய் முடிவதற்குள் எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அவளிடம்தான் இன்றைக்கும் சாமான் எடுக்கிறேன். விலை குறைத்தால் எதைக் கழற்றுவாய் என்று முதலில் கேட்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறாள். சில சாமானுக்கு, “இதில் கழற்ற ஒன்றுமில்லை” என்கிறாள். சரியென்று சொன்ன விலைக்கே எடுக்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆகையால் சொல்வதில்லை.

அந்தப் போகத்தில் வளையமெல்லாம் மாற்றி முடித்ததும் மாவடிப்பள்ளிக்குப் போனேன். புது டாங்கி ஒன்றும் கொஞ்சம் பழமும் கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகிலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தம்பி, பிழை என்னுடையது, விலைக்காக நான்தான் அந்த வளையத்தை மாற்ற வைத்தேன். இவ்வளவுதான். இதைவிடக் கடினமான பேச்சையெல்லாம் பேசியிருக்கிறேன்.

அவர் சேர்ட்டில்லாமல் முன் விறாந்தையில் குப்புறப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முதுகில் தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு வெயிலில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். வயலைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்க்கிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஏன் காக்கா மனசக் குழப்பிக்கிறீங்க? உங்கள எனக்குத் தெரியாதா? சீனாக்காரனுக்குக் காசுதான் பெரிசு. மனுசன்ட முதுகு பெரிசில்ல.”

“ஓம் தம்பி” என்று நானும் தலையாட்டினேன்.