வாய்க்கால் பக்கம் போன பந்து

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் ரீபாவுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அதற்காக அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. ‘ஐயோ பாவம்’ என்று ஆரம்பிக்கிறவர்களை இரண்டே வார்த்தையில் அனுப்பிவைத்துவிடுவாள். செருப்புச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடும் காது அவளுக்கு. பார்வையற்ற பெண்களின் கிரிக்கெட் அணியில் நம்பி இறக்கக்கூடிய மட்டை அவளுடையதுதான். அந்த ஆட்டத்தில் பந்துக்குள்ளே சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் கிடக்கும். பந்தைத் தரையோடு உருட்டி விடுவார்கள். சலசலவென்று வரும் சத்தத்தை வைத்துத்தான் அடிக்கவேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குச் சமீபகாலமாகப் பந்து சிக்கவில்லை.

பயிற்சியாளர் சத்தியநேசன் சார் எங்கெங்கோ அலைந்து, பேட்டையில் பட்டறைகளுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி ஓர் இடம் பிடித்து, ஆடுவதற்குச் சிமெண்ட் தளமும் போட்டிருந்தார். அங்கே போனதிலிருந்துதான் இந்தக் கோளாறு. வேகமாக வரும் பந்தை ரீபா விளாசிவிடுவாள். மெதுவாக வருவது மட்டும் மட்டைக்குத் தப்பி இடது பக்கமாகப் போய்விடும். பந்து வீசுகிற கமர் நிஷாவுக்கு அரைகுறைப் பார்வை உண்டு. நேராகத்தான் விட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பார்வை அறவே இல்லாத மற்ற இரண்டு பெண்களும் புதுசு. எந்தப் பக்கம் வந்தாலும் அவர்களுக்குப் பந்து சிக்காது.

ரீபா தனக்குள்ளேயே கணக்குப் போட்டாள். மெதுவான பந்துக்குச் சத்தம் குறைவு. குறைந்த சத்தம் இடது காதில் விழவில்லை. அவளுடைய அப்பா வேதமுத்துவுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அவளுக்கும் நாற்பது நெருங்குகிறது. கண் இல்லாமல் வாழ அவளுக்குத் தெரியும். காதும் போய்விட்டால்? ஒருவரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். பேருந்தில் நடத்துனர் சொன்னது ஒருமுறை கேட்காமல் போனதற்கு, பக்கத்தில் குழந்தை அழுததுதான் காரணம் என்றாலும், அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சாரிடம் சொல்லிவிடும் முடிவோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே தளத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த பந்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டினாள். பந்து பைய சலசலத்தது. பிறகு தானாகவே உருண்டு போயிற்று.

“ஏளா, யாரு பந்தத் தொட்டது?”

யாரும் தொடவில்லை என்றாள் நிஷா. ரீபா மறுபடி வைத்தாள். மறுபடியும் அது வாய்க்கால் பக்கமாகவே போனது.

சாரைக் கேட்டார்கள். தளம் பலகை மாதிரி மட்டமாக இருக்கிறது, கண்ணாலே பார்க்கிறேனே என்றார். அப்புறம் கொஞ்சம் நிதானித்து, கொத்தனார் தில்லைநாயகம் சொன்னதை இழுத்து இழுத்துச் சொன்னார். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாதென்று அவர் வாய்க்கால் பக்கமாக லேசாகச் சரித்து வாட்டம் கொடுத்திருந்தாராம். சாரும் நல்லதுதான் என்று தலையாட்டியிருக்கிறார். கொத்தனார் மொட்டை மாடி போட்டுப் போட்டுப் பழகிய மனுஷன். தண்ணீர் வடியாத சிமெண்ட் தரை அவருக்கு மானப்பிரச்சினை.

வேகம் இருக்கிற வரைக்கும் பந்து அந்தச் சரிவைச் சட்டை செய்யாது. தளர்ந்து வரும்போதுதான் சரிவு அதைப் பக்கவாட்டில் இழுக்கும். அதுவும் கடைசி இரண்டு எட்டில், ரீபா மட்டையை வீச ஆரம்பித்த பிறகு.

ஆனாலும் அவளுக்குள் இருந்த பயம் அத்தனை லேசில் இறங்கவில்லை. தரை சரிவாகவே இருந்தாலும், பந்து தப்புவதற்குக் காதுதான் காரணமாக இருந்தால்? நிஷா பந்து வீசுகிற எதிர் முனைக்குப் போய் நின்று ஆடுகிறேன் என்றாள். கடைசல் பட்டறைச் சத்தம் அங்கே காதை அடைக்கும் என்பதால் அதுவரை யாரும் அந்தப் பக்கம் நின்று ஆடியதில்லை. இன்றைக்குப் பட்டறை விடுமுறை.

“என் காதுதான் கெட்டுப்போச்சுன்னா அங்கன நின்னாலும் இடது பக்கந்தான் தப்பும். தரைதான் காரணம்னா வலது பக்கம் தப்பணும். மெதுவா போடுளா” என்றாள். அவள் காதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்ததே நிஷாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பந்தை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போனாள்.

“ரெடியா?” என்று ஆட்ட முறைப்படி கேட்டாள் நிஷா.

“எஸ்.”

“ப்ளே.”

சத்தம் நேராகத்தான் வந்தது. ரீபா குனிந்து மட்டையை வீசினாள். மட்டையில் ஒன்றும் படவில்லை. பந்து அதன் நுனியைத் தாண்டி வலது பக்கமாகப் போனது. புல்லில் இறங்கி, சத்தம் தேய்ந்து, வாய்க்கால் கரையில் நின்றது வரை அவளுக்குக் கேட்டது. ஒரு குண்டு கடைசியாகப் புரண்டதுகூடக் கேட்டது.

ரீபா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நிஷா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“வலது பக்கந்தான போச்சு?”

“ஆமாக்கா. வலது பக்கந்தான்.”

“இன்னொருக்கச் சொல்லு.”

நிஷா சொன்னாள். ரீபா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடியும் போடச் சொன்னாள். அந்தப் பந்துக்கு அவள் மட்டையை ஓங்கவே இல்லை. போகவிட்டு, அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.