கூட்டினால் இருபத்தாறு

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக் கணித ஆசிரியை ஸ்டெல்லா அன்று காலை மாரடைப்பில் போய்விட்டார். சுற்றிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் நூறு பேராவது நின்றிருந்தார்கள். கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. அத்தனை கூட்டத்தில் "ஸ்டெல்லா போயிட்டாங்க" என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. என் பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன்.

பள்ளியில் கணக்குக்கு நாங்கள் இரண்டே பேர். பதினோரு வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு. அவரை அறிந்து இதைப் படிக்கும் உங்களுக்கு எங்கள் சண்டைகளும் தெரிந்திருக்கும். நான் சிவப்பு மைக்காரன். தப்பென்றால் அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவேன். அவர் தப்பைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "தப்பா போட்டவன்கிட்ட ஒரு காரணம் இருக்கும் சார், அதைக் கேக்காம எப்படி அடிக்கிறது?" என்பார். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் பாடத்தை எந்த ஜென்மத்தில் முடிப்பீர்கள் என்று நான் கிண்டலடிப்பேன்.

சமூகத்தில் கணிதம் என்ற தலைப்பில் மாணவர்கள் மூன்று நிமிட வீடியோக் கதை எடுத்து அனுப்பும் போட்டி ஒன்று வந்தது. அப்போது நான் பொறுப்புத் தலைமையாசிரியர். நான் மடித்து வைத்த சுற்றறிக்கையை ஸ்டெல்லா பிரித்து வகுப்பில் படித்தார். "இன்னா மிஸ், கணக்குல போயி கதையா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "உங்க வூட்டு ஆளுங்களோட ஒரு நாளை மணிக்கணக்கா எழுதி, கூட்டிப் பாத்துக்கினு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அவர்கள் பேச்சிலேயே பதில் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்புக் கவியா தன் அப்பாவின் நாளை எழுதி வந்தாள். ஓவர்டைமோடு சேர்த்து வேலை பன்னிரண்டு மணி நேரம், கம்பெனி பஸ்ஸில் போகவர மூன்று, தூக்கம் ஏழு, வீட்டில் விழித்திருப்பது நான்கு. கூட்டினால் இருபத்தாறு. அன்று ஸ்டெல்லா விடுப்பு. நோட்டைப் பார்த்த நான், நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் என்று எழுதி அடித்துவிட்டேன்.

மறுநாள் ஸ்டெல்லா அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"தூக்கம் ஏழு எப்படிம்மா?"

"வூட்ல அஞ்சு, பஸ்ல ரெண்டு மிஸ். அப்பா ஏறுனதுமே தூங்கிடும்."

அந்த இரண்டு மணி நேரத்தைப் பயணத்தில் ஒருமுறை, தூக்கத்தில் ஒருமுறை எண்ணியிருந்தாள். "இதைப் போய் அடிச்சிட்டீங்களே சார், கதையே இதுலதான் இருக்கு" என்று ஸ்டெல்லா என்னிடம் வந்து சண்டை போட்டார்.

கவியாவும் மூன்று தோழிகளும் படம் எடுத்தார்கள். தரையில் சாக்பீஸால் இருபத்து நாலு கட்டம், கையில் இருபத்தாறு பாட்டில் மூடி. அடுக்கி முடித்ததும் இரண்டு மூடிக்கு இடமில்லை. கடைசியில் அப்பா பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மிக நன்றாக இருந்தது. அதனால்தான் பயந்தேன். எங்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்த கம்பெனி அது. வகுப்பறையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் கையெழுத்து இல்லாமல் வீடியோ போகாது. நான் போடமாட்டேன் என்றேன்.

"அட்டையை மறைச்சிடலாம் சார்."

"வேணாம் டீச்சர். பொல்லாப்பு."

"சரி சார். பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போட்டியின் கடைசித் தேதியைத் தான்தான் மறந்துவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த என் காதில் அது விழுந்தது. கவியா அழுதாள். அதற்குப் பிறகு பள்ளிப் படிப்பு முடியும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மதியம் ஸ்டெல்லா வழக்கம்போல வறுத்த மீனை என் தட்டில் வைத்தார், நானும் தின்றேன். ஒருநாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சேரப்பணஞ்சேரி கல்லறைத் தோட்டத்துக்குக் கவியா வந்திருந்தாள். இப்போது அவளும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள், சீருடையோடு ஓடி வந்திருந்தாள். "மறந்துட்டாங்கன்னு நாலு வருசமா கோவம் சார். ஒரு தபா கூட வந்து பாக்கல. இப்ப மனசு கேக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழாதேம்மா என்று மட்டும் சொன்னேன். குழிக்குப் பக்கத்தில் நின்றும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மதியத்தில் அந்த மேசையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சண்டை போட ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, என் மானத்துக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

கவியா, மிஸ் மறக்கவில்லை. கையெழுத்துப் போடாதவன் நான்.