ஜெசி தேய்த்துவிட மறுத்த நாள்

நம் சபையில் எழுந்து நின்றுதான் சாட்சி சொல்வார்கள். என்னால் முடியாது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மழை தொடங்கிய வாரம். சிறுசேரியில் வேலை முடிந்து பைக்கில் செம்பாக்கம் திரும்பும்போது விழுந்தேன். தண்டுவடத்தில் அடி. அதன் பிறகு யாராவது காலைத் தொட்டால் மங்கலாகத்தான் தெரியும். வலி மட்டும் தெளிவாகத் தெரியும். அசைக்க முடியாத கால்கள், உள்ளே தணலை வைத்ததுபோல எரியும். மாத்திரை போதவில்லை. சாயங்காலம் நெருங்கினாலே பயம் வந்துவிடும், அப்போதுதான் எரிச்சல் ஏறும். ஜன்னல் வழியே ஏரி தெரியும். அதைப் பார்த்து நான் என்ன யோசித்தேன் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. என் மனைவி ஜெசி அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்தாள்.

எனக்கு ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, கொஞ்ச நேரமாவது" என்று மட்டும் கேட்பேன்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அக்கா, ஜெசிக்கு மசாஜ் செய்யக் கற்றுக்கொடுத்தார். சூடான எண்ணெய் கூடாது, அழுத்தக் கூடாது, பாதத்திலிருந்து மெதுவாக மேலே வரவேண்டும். கால் வீங்கியிருந்தாலோ சூடாக இருந்தாலோ கையே வைக்கக் கூடாது என்றார். முதலில் போர்வை பட்டாலே துடிப்பேன். போகப்போக அவள் கை பழகியது. ஜெபித்துக்கொண்டே தடவுவாள். எரிச்சல் போகாது, அடங்கும். தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எரிச்சல் என்றுமில்லாத அளவுக்கு ஏறியது. அழுத்தித் தேய்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஜெசி இடது கெண்டைக்காலில் கை வைத்தாள். கை அப்படியே நின்றது. வலது காலைத் தொட்டாள். மறுபடி இடது.

"இந்தக் கால் சூடா இருக்குங்க. வீங்கியும் இருக்கு."

"பரவாயில்ல, தேய்ச்சு விடு. தாங்க முடியல."

"மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நான் அழுதேன். அவள் முகம் வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் தாம்பரம் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "காலைத் தேய்ச்சீங்களா?"

"இல்ல டாக்டர்."

காலில் ரத்தம் உறைந்திருந்தது. தேய்த்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம் என்றார்.

கொஞ்ச நேர நிம்மதி கேட்டேன், கர்த்தர் தேய்த்துவிடும் கைகளைக் கொடுத்தார். அதே கைகளை அன்று அவரே நிறுத்தினார். தினமும் தொட்டுப் பழகிய கை என்பதால்தான் மாற்றம் தெரிந்தது.

சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி மசாஜ் செய்கிறாள். வலி இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். என்னைப்போல் அடிபட்டவர்களிடம் போனில் பேசி, அவர்களோடு ஜெபிக்கிறேன். இன்றும் தொடங்குமுன் ஜெசி இரண்டு கால்களையும் தொட்டுப் பார்ப்பாள். அவள் தலையசைக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

உங்களில் யாருக்காவது, கெஞ்சிக் கேட்டும் இல்லை என்ற பதில் வந்திருக்கலாம். ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். அந்த 'இல்லை'யால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.