பாலத்துக்குக் கழற்றிக் கொடுத்த நகை

தாமிரபரணியின் பெரிய பாலத்துக்கு இப்போது ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். கல்தூணில் தொங்கும் மாலையைப் பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திங்கட்கிழமை நினைவுக்கு வரும். அப்போது நான் நான்காம் வகுப்பு. மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்தான்.

வாப்பா சவுதிக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. அவருடைய விசாவுக்காக உம்மாவின் நகைகள் எல்லாம் போயின. கல்யாணத்தில் கட்டிய கருகமணியிலிருந்த தங்க மணிகளையும் கொடுத்துவிட்டு, கறுப்பு மணிகளை மட்டும் நூலில் கோத்துப் போட்டிருந்தாள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வாப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. வரும் ஞாயிறு பத்தமடையில் மாமா மகளுக்குக் கல்யாணம். இந்தக் கழுத்தோடு வரமாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டாள். எனக்கோ புதுப் பாவாடை தைத்தாகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் எங்கள் வகுப்பைப் பாலத்தின் விழாவுக்குக் கூட்டிப்போனார். மைக்கில் ஓர் அண்ணாச்சி பேசினார். பாலம் இல்லாத காலத்தில் ஜனங்கள் தோணிக்கு அடித்துக்கொண்டு நின்றார்களாம். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் மனமிரங்கித் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினாராம்.

"அவுக வீட்டம்மா என்ன செஞ்சாக தெரியுமா? கழுத்துல கெடந்த நகைய அப்படியே கழத்திக் குடுத்தாக."

கூட்டம் கைதட்டியது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் தட்டினேன்.

"ஏளா, போதும். ஒங்க வீட்டு நகையாக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கொடுத்த லட்டைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நகை கொடுத்த அம்மாளுக்கு ஊரே கைதட்டியது. ஆகவே வெறுங்கழுத்தில் குறைச்சல் ஒன்றுமில்லை, கல்யாணத்துக்குப் போகலாம் என்பது என் வாதம். முடித்ததும் உம்மாவுக்காகத் தனியாக ஒருமுறை கைதட்டினேன்.

அவள் கை நிற்கவில்லை. "அந்தம்மா மாப்பிள்ளைக்கு எங்கன வேலைன்னு சொன்னாக?"

"இங்கனதான் உம்மா. கலெக்டர் ஆபீசுல."

"அப்ப சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாக."

லட்டைப் பிட்டுப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். அவளுடைய பங்கு இரவு வரை தட்டின் ஓரத்திலேயே இருந்தது.

உம்மாவுக்கு ஆபீஸ் நேரத்தில்தான் சந்தேகம் என்று நினைத்தேன். அதைத் தீர்த்துவிட்டால் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிடுவாள். மறுநாள் டீச்சரிடம், கலெக்டர் ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டேன். ஐந்தே முக்கால் என்றார். பள்ளி விட்டதும் ஓடிவந்து சொன்னேன்.

"அஞ்சே முக்காலுக்கு விட்டுருமாம் உம்மா. பாலம் வழியா பைய நடந்தாலும் வெளக்கு வைக்குமுன்ன வந்திருப்பாக."

உம்மா பீடி நூலை அறுத்தாள். "சரிளா," என்றாள்.

அது போதுமானதாக இருந்தது எனக்கு. பாவாடையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.