தலையணைக்கடியில் ஒரு சுறாப் பல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மலாக்காவிலுள்ள ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நடந்தது இது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஜாசினிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அவர் தூங்கும்போது கட்டிலருகே புத்தகம் படிப்பேன். பல நேரம் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன்; அவ்வளவு களைப்பு.

அடுத்த கட்டிலில், ரெம்பியா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்கு மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சர்க்கரை நோயால் அவருடைய வலது பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. அதை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. "முழுசா வந்தேன், முழுசாவே போறேன்" என்பதே பதில். அவருடைய மனைவியை அக்கா என்று அழைப்பேன். கெஞ்சியும் திட்டியும் பார்த்து அவர் ஓய்ந்துபோயிருந்தார்.

கணவரின் தலையணைக்கடியில் அக்கா மஞ்சள் துணியில் சுற்றி ஒன்றை வைத்திருந்தார். முருகனின் வேல்முனை என்பார். எஸ்டேட்டில் உடன் வேலை செய்த இந்தோனேசியப் பெண், தன் ஊர் ஆற்றில் கிடைத்ததாகக் கொடுத்ததாம். அன்று முதல் வெள்ளிதோறும் பாலூற்றிக் கும்பிட்டு வந்திருக்கிறார். ஒருநாள் பார்க்க வந்த மகளோ, அது ஏதோ பிராணியின் பல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அக்கா துணியைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்க எந்நேரமும் புக்கும் கையுமா இருக்கீங்க. உள்ளதைச் சொல்லுங்க, இது என்னா?"

உள்ளங்கையை நிறைக்கும் கரிய முக்கோணம். விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். ஓரத்தைத் தடவினேன், ரம்பம்போல நெருடியது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. மனிதன் தோன்றும் முன்பே அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல், காலப்போக்கில் கல்லாகிவிட்டது என்றேன்.

"செத்ததுலேர்ந்து விழுந்ததா?"

"அப்படி இருக்கணும்னு இல்லக்கா. சுறாவுக்கு ஆயுசு முழுக்கப் பல்லு விழுந்துகிட்டே இருக்கும். இது விழுந்த பிறகும் அது நீந்திக்கிட்டு இருந்திருக்கலாம்."

விபூதியைத் துடைத்துவிடுவார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. பல்லைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கேட்டீங்களா? இம்மாம் பெரிய பல்லு போயும் அது சாவலியாம். நீங்க ஒரு பாதத்துக்கு இந்த ஆட்டம் ஆடுறீங்க!"

"நான் என்னா சுறாவா? எனக்கு மறுபடி முளைக்குமா?"

"முளைக்காது லா. நான் இருக்கேன்ல."

பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே, "டாக்டர் வந்தா எழுப்பு" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்த நேரம் முழுக்க அக்கா அந்தப் பல்லை இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு அந்த அறையின் கதவருகே உட்கார்ந்திருந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும் நாளில் சக்கர நாற்காலியில், அவர் மடிமீதே இருந்தது மஞ்சள் துணி.

அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார், பேச்சு வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவரைத் தூக்கி உட்காரவைக்கும் முன் "நான் இருக்கேன்ப்பா" என்று சொல்கிறேன். அது அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, தூக்கும் பலம் எனக்கு அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது.